இலை ஆடிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மென்பொருளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரியம். கேமரா அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எங்காவது மாறியிருந்தால் மூலையில் ‘அசைவு’ என்று சிவப்பில் காட்டிப் பதிவு செய்யத் தொடங்கும். மாறவில்லை என்றால் சும்மா இருக்கும். இதை எழுத எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் ஏதோ ராக்கெட் விடுகிறவள் மாதிரி ஆரணியில் இருக்கும் அம்மாவிடம் போனில் அளந்துகொண்டிருந்தேன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ரெமிஜியஸின் கம்பெனி. கம்பெனி என்றால் ரெமிஜியஸ், நான், மூன்று கம்ப்யூட்டர்கள், நாள் முழுக்க மாடியேறி வரும் பன் வாசனை. அவர் கேமரா விற்பார், மாட்டுவார். உள்ளே ஓடும் புரோகிராமை நான் எழுதுவேன். நாற்பது ஜிபி டிஸ்க்தான் அன்றைக்குக் கட்டுப்படியானது. நாலு கேமராவும் இடைவிடாமல் பதிந்தால் அது ஒரே வாரத்தில் நிரம்பிவிடும். அதனால்தான் அசைந்தால் மட்டும் பதிவு என்ற ஏற்பாடு.

ஆனால் உலகத்தில் திருடன் மட்டுமா அசைகிறான்? முதல் மாதம் எங்கள் மென்பொருள் கையும் களவுமாகப் பிடித்தது ஒரு பல்லியையும் சில புறாக்களையும்தான். ரெமிஜியஸ் தலையில் அடித்துக்கொண்டார். அதற்காக ஒரு வசதி செய்தேன். வேண்டாத இடத்தின் மேல் மவுஸை இழுத்துக் கறுப்படித்துவிட்டால் போதும், அங்கே என்ன ஆடினாலும் புரோகிராம் கண்டுகொள்ளாது. இந்த வசதியைப் பற்றி எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பொம்மனஹள்ளியில் பாட்டில் மூடி செய்யும் கோவிந்தப்பாவுக்குத் திருடனைப் பற்றிக் கவலையே இல்லை. "மூடிய எவன்மா திருடுவான்? நம்ம வாட்ச்மேன் தூங்கினா எனக்குத் தெரியணும். அத மாடிக் கொடு, அஷ்டே" என்றார் பாதிக் கன்னடத்தில். செய்து கொடு, அவ்வளவுதான் என்று அர்த்தம். ஆகவே அவருக்காக எல்லாவற்றையும் தலைகீழாக எழுதினேன். கேட்டுப் பக்கம் இருபது நிமிஷம் எதுவும் அசையாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே கோவிந்தப்பாவின் செல்போனுக்கு அடிக்கும். அவர் உடனே ஃபேக்டரி போனில் கூப்பிட்டு வாட்ச்மேனை ஒரு பிடி பிடிப்பார். இரண்டே நாளில் எழுதி முடித்தேன். ஒரு வயதான மனிதரின் தூக்கத்தைக் காட்டிக்கொடுக்கிற வேலை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

வாட்ச்மேன் பெயர் வெங்கடசாமி. அல்சூர்க்காரர், அறுபது வயது இருக்கும். கேட்டுக்கு உட்புறம், தூணை ஒட்டி அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி. சிஸ்டம் போட்ட மூன்றாம் நாளே அவர் அதன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து, கேமராவைப் பார்த்துத் துண்டை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போய் உட்காருவார். பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவரிடமே சொன்னேன். "இன்னா பண்றதும்மா, ஒன் மிஷினுக்கு வேளா வேளைக்குத் துண்டு காட்டலன்னா மொதலாளி கடிக்கறாரே" என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. மத்தியானம் கோவிந்தப்பா போன் செய்தார். கேட்டுக் கேமராவில் எதுவும் சரியாகத் தெரியவில்லையாம், ஓரத்தில் ஏதோ நிழல் ஆடுகிறதே தவிர மொத்தமும் மங்கலாம். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால், எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்த யாரோ ஒருவர் கேமராவும் மெஷின்தானே என்று ஏணி போட்டு ஏறி, கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்திருக்கிறார். பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். வெங்கடசாமி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறித் துடைத்தேன்.

படம் தெளிவானதும் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூலையில் ‘அசைவு’ என்ற சிவப்பு எழுத்து அணையவே இல்லை. கேட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வாழைமரம் கட்டியிருந்தார்கள். காற்றுக்கு இலைகள் ஆடிக்கொண்டே இருந்தன. புரோகிராமுக்கு இலையும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான்.

"பாத்தியாம்மா, மத்தியானத்துலேந்து நான் துண்டே ஆட்டல. மொதலாளி போனும் வர்ல" என்றார் வெங்கடசாமி, என் தோளுக்குப் பின்னால் நின்றபடி.

"வாழைமரம் நீங்களா கட்டினீங்க?"

"நம்ம வூட்ல இதெல்லாம் கெடையாது, நாங்க புத்தரு மதம். இங்க கட்றது டியூட்டி, கட்னேன்."

நான் மவுஸை எடுத்து வலது பக்க இலைகளின் மேல் கறுப்படித்தேன். அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அது இன்னாத்துக்கும்மா?"

"இலை ஆடறத நீங்க ஆடறதா நினைச்சுக்குது. மறைச்சாதான் சரியா வேலை செய்யும்."

"ஏம்மா, இன்னொரு வாட்ச்மேன் ஊருக்குப் பூட்டான். இன்னிக்கி சாயங்காலம் புட்ச்சி திங்கக்கெழம காலீல வரைக்கும் நானே இருக்கணும். வயசாச்சு. பகல்ல ஒரு ரெண்டு மணி நேரம் கண்ணு மூடினா போதும். எல ஆடறவரைக்கும் ஆடட்டுமே. ரெண்டு நாள்தான், அப்பறம் காஞ்சிடும்."

கெஞ்சவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சொல்லப்போனால் அந்தப் பாழாய்ப்போன அலாரத்தை எழுதியதற்கு இது ஒரு பரிகாரம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அடித்த கறுப்பை அழித்தேன். "திங்கக்கிழமை சாயங்காலம் வந்து சரிபண்றேன், தூங்குங்க" என்றேன். அவர் ஒரு பொட்டலம் பொரியைக் கையில் திணித்து என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு வந்தவர்கள் கேட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். வெங்கடசாமி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். கேட்டின் சின்ன ஜன்னலுக்குக் கீழே, உள்பக்கத் தாழ்ப்பாளில் ஒரு டிபன் கேரியர் தொங்கியது. திறக்காமலே ஊசிப்போயிருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு நொடியில் போயிருக்கும், தெரிந்தேயிருக்காது என்றாராம். கோவிந்தப்பா அதையே என்னிடம் நாலு தடவை சொன்னார். சொல்லிவிட்டு, "ஒரு போன் கூட வரலியேம்மா. எத்தனை மணி நேரம் கெடந்தாரோ. உன் சாஃப்ட்வேர் என்னத்துக்கு ஆச்சு?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. "அதுல இருக்கறதெல்லாம் அழிச்சிடு. எனக்குப் பாக்க வேணாம்" என்றார். நான் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு, வேறு ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன்.

ரெமிஜியஸும் அழித்துவிடு என்றுதான் சொன்னார். "பாத்து என்ன செய்யப் போற கிருத்திகா? செத்தவர் செத்தவர்தான். வேணாம்" என்றார். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

இலைகள் ஆடியதால் ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட முழுவதும் பதிவாகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், சத்தம் கிடையாது. வெங்கடசாமி நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எழுந்திருக்கப் பார்க்கிறார், மார்பைப் பிடித்துக்கொள்கிறார், அப்படியே சரிகிறார். நொடியில் போகவில்லை. வலது கை தரையில் மெதுவாக எதையோ தேடுவது போல நகர்ந்துகொண்டிருந்தது. நிற்கும், மறுபடி நகரும். மேலே இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. சிவப்பு எழுத்தில் ‘அசைவு’, ‘அசைவு’ என்று என் புரோகிராம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒன்று ஏழுக்குக் கேட்டின் சின்ன ஜன்னல் திறந்தது. ஒரு பெண்ணின் கை உள்ளே வந்து தாழ்ப்பாளில் கேரியரை மாட்டியது. தூணை ஒட்டிக் கிடந்தவரை அங்கிருந்து பார்க்க முடியாது. ஜன்னல் மூடவில்லை. அப்போது தரையில் கிடந்த கை எழுந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை நேராக மேலே நின்றது. பதினோரு விநாடி. பிறகு மெதுவாக இறங்கித் தரையில் படுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் ஜன்னல் மூடியது. ஒன்று நாற்பது வரை விரல்கள் லேசாக அசைந்தன. அப்புறம் இலைகள் மட்டும்தான். சாயங்காலம் தெருவிளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் விடிய விடிய இலைகள். இருபது நிமிஷம் சேர்ந்தாற்போலக் காற்று நிற்கவே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பதிவையே மறுபடி மென்பொருளுக்குள் விட்டேன், இந்த முறை இலைகளின் மேல் கறுப்படித்துவிட்டு. தரையில் நகரும் அந்தக் கை எங்கள் கணக்குக்கு மிகச் சின்னது, அது அசைவாகவே எடுபடவில்லை. படத்தில் மணி பன்னிரண்டு பன்னிரண்டு ஆனபோது, மேஜையில் இருந்த மோடம் கிர்ரென்று உயிர் வந்து கோவிந்தப்பாவின் நம்பரைச் சுழற்றத் தொடங்கியது. வயரைப் பிடுங்கி எறிந்தேன். சுவரோடு உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டேகாலுக்கு அவருக்குப் போன் போயிருக்கும். திட்டுவதற்காகவாவது கூப்பிட்டிருப்பார், எடுக்காவிட்டால் ஸ்கூட்டரில் ஓடி வந்திருப்பார். பக்கத்துத் தெருவில்தான் அவர் வீடு.

அதன் பிறகு என்னால் ஜன்னல் பக்கம் உட்கார முடியவில்லை. கொடியில் துணி ஆடினால், காலண்டர் தாள் படபடத்தால், யாரோ கீழே கிடக்கிறார்கள் என்று முதுகு சில்லிடும். ஹாஸ்டல் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் தூங்குவேன். கூட இருந்தவள் கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், ஒரு பெண் மாடியேறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கார்மெண்ட் ஃபேக்டரி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கோவிந்தப்பாவின் ஃபேக்டரி கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த எங்கள் ஸ்டிக்கரைப் பார்த்து விலாசம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"கேமரா மேடம் நீங்கதானா? நான் சங்கமித்ரா. வெங்கடசாமி பொண்ணு."

நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். ரெமிஜியஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அன்னிக்கி எங்களுக்கும் விசேஷம், புத்த விஹார்ல பாயசம் குடுத்தாங்க. அப்பாவுக்குப் புடிக்கும்னு பஸ் ஏறி எடுத்துனு போனேன். ஒரு மணிக்கு மேல இருக்கும். ஆள் சத்தமே இல்ல. தூங்கறாருன்னு நெனச்சு மாட்டிட்டு வந்துட்டேன்." கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் போனப்பவே அவரு போயிட்டிருந்தாரா, இல்ல உசுரோட இருந்தாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும். டாக்டரைக் கேட்டா நேரம் சொல்ல முடியாதுங்கறாரு. உங்க மிஷினுக்குத் தெரியும் இல்ல?"

"எழுப்பியிருக்கலாமே" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"சனிக்கெழம சாயங்காலம் பக்கத்து வூட்டுக்கு போன் பண்ணாரு. கேமரா மேடம் நல்ல பொண்ணு, ரெண்டு நாள் என்னைத் தூங்கச் சொல்லிடுச்சு, வாழ எல ஆடறவரைக்கும் கவலை இல்லன்னாரு. ஒரே சிரிப்பு. அதான் எழுப்பல."

அதாவது, நான் தூங்கச் சொன்னதால் இவள் எழுப்பவில்லை. உண்மையைச் சொன்னால் இவள் மேலும் பாரம் விழும், என் மேலும் விழும். பொய் சொன்னால் இரண்டு பேருமே தப்பித்துக்கொள்ளலாம். அவளுக்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதில் பாதிதான் நிஜம்.

"அவர் பன்னெண்டு மணிக்கு முன்னாலயே போயிட்டார். நீங்க வந்தப்போ அவர் இல்ல" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோள் இறங்கியது. பிறகு, "கடைசியா நல்லா இருந்தப்போ எடுத்த படம் இருந்தா ஒருவாட்டி பாக்கறேன் மேடம்" என்றாள்.

மறுக்க எப்படி முடியும்? பதினொன்றரை மணி பதிவைப் போட்டேன். வெங்கடசாமி பீடி பற்றவைக்கிறார், காலை நீட்டிக்கொள்கிறார், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கண்ணை மூடுகிறார். சங்கமித்ரா திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள். பதினொன்று ஐம்பதில் நிறுத்தினேன்.

"இதுக்கு மேல?"

"இதுக்கு மேல இல்ல. அசைவு இல்லன்னா எங்க மிஷின் பதியாது."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல ஆடினே இருந்துச்சே" என்றாள்.

நான் பதிவை மூடினேன்.

"எல ஆடறவரைக்கும் மிஷினு ஓடும்னுதானே அப்பா சொன்னாரு?"

"அப்புறம் காத்து நின்னுடுச்சு."

"நான் போனப்போ செம காத்து மேடம். துப்பட்டா பறந்து கேட்டு மேல இருந்த கம்பில மாட்டினுச்சு. இழுத்ததுல கிழிஞ்சே போச்சு." கோபமே இல்லாத குரலில் சொன்னாள். துணி செக்கிங் வேலை செய்கிறவள், எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டுவது போலச் சொன்னாள்.

கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீங்க வந்தப்போ உயிரோட இருந்தார்" என்றேன். "அந்த இலைய நான் மறைச்சிருந்தா பன்னெண்டேகாலுக்கே முதலாளிக்குப் போன் போயிருக்கும். மறைக்கத்தான் போனேன். அவர் கேட்டார்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது. உங்களோடது இல்ல."

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் வரவில்லை.

"நான் வந்தது அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஜன்னல் திறந்ததும் கையத் தூக்கினார்."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் தூக்கியே வெச்சிருந்தார். அப்புறம் இறக்கிட்டார்."

"ஜன்னல் சாத்தினப்பறமா?"

"இல்ல. சாத்தறதுக்கு முன்னாடியே."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "அதுல சத்தம் வராதா மேடம்?"

"வராது. படம் மட்டும்தான்."

"அப்ப நான் சொன்னது அதுல இல்ல." டம்ளரை மேஜையில் வைத்தாள். "மாட்டிட்டு, உள்ள பாத்து மெதுவா சொன்னேன். ‘எந்திரிக்காதப்பா. நான்தான். தூங்கு’ன்னு."

டிஸ்கைக் கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். அழிக்கட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றாள். படியிறங்கும் வரை அவள் அழவில்லை. நான் கம்ப்யூட்டரில் ஒன்று ஏழுக்குப் போய் அந்தப் பதினோரு விநாடியை மறுபடி ஓட்டினேன். கை நேராக நின்றது, நின்றது, பிறகு சொன்னபடி கேட்டு மெதுவாகக் கீழே இறங்கியது.